ஆகாய கங்கைக்கு இறங்குகிறவர்களுக்கு

கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் தண்ணீரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். படியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அறப்பளீசுவரர் கோயில் அருகிலிருந்து இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். மற்ற மலைகளில் தெம்பாக ஏறிவிட்டுக் களைத்த பிறகு இறங்குவோம். இங்கே குளித்து, பசியெடுத்து, துணி ஈரத்தோடு நிற்கும்போதுதான் ஏற்றம் தொடங்கும். அதனால் எந்தப் பருவமானாலும், திரும்பி ஏற வேண்டிய நேரத்தை முதலில் முடிவு செய்துகொண்டு இறங்குங்கள்.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு புரட்டும் ஆட்கள் பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் நாளே மலைமேல் உள்ள செம்மேட்டில் தங்கிவிட்டால் இன்னும் நல்லது.

என்னைக் கேட்டால் தை, மாசிதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், அருவியாக விழும் ஐயாற்றில் நீர் வற்றியிருக்காது, படியும் காய்ந்திருக்கும். விடியற்காலைக் குளிருக்கு ஸ்வெட்டர் அவசியம்.

ஐப்பசி, கார்த்திகையில் கதையே வேறு. ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழும் நீர், கிட்டே போவதற்கு முன்பே சாரலால் ஆளை நனைத்துவிடும். வெள்ளம் மிகுந்தால் வனத்துறை பாதையை மூடிவிடும். ஆகவே செம்மேட்டிலேயே கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். திறந்திருந்தால் காலடியைப் பாருங்கள்: ஆள் நடமாட்டத்தால் படியின் நடுப்பகுதி சொரசொரப்பாக இருக்கும், ஓரத்தில் பச்சைப் பாசி பளபளக்கும். கைப்பிடியைப் பிடிக்கிற ஆசையில் ஓரத்தில் கால் வைத்தால் வழுக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். அன்றைக்கு சீக்குப்பாறைக் காட்சிமுனையில் மூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போகலாம்.

கோடையில் அருவி மெலிந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே வசதி. ஆனால் வெயில் ஏறுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும். வழியில் சோலக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் வாங்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்காதீர்கள்.

ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா. விழாவுக்காக வருகிறவர்கள் வரட்டும். அருவி பார்க்க வருகிறவர்கள் அடுத்த வாரத்தில் ஒரு வேலை நாளாகப் பார்த்து வாருங்கள்.

ஏறும்போது மூச்சு வாங்கிய பிறகு உட்காராதீர்கள், அதற்கு முன்பே உட்காருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் போதும். தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டால் அது குரங்குக்குத்தான். ஜிப் வைத்த பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பை மேலே வந்ததும் குடியுங்கள். பாறைகளில் வளரும் பெரணிச் செடியின் கிழங்கு அது. பழுப்பு ரோமம் மூடி, அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். தோலைச் சீவி, தட்டி, மிளகும் சீரகமும் சேர்த்துக் கொதிக்க வைத்துத் தருவார்கள். முழங்கால் வலி பறந்துவிடும் என்று விற்கிறவர்கள் சொல்வார்கள். என் முழங்காலுக்கு அப்படியொன்றும் நேர்ந்ததில்லை. ஆனால் ஈரத் துணியோடு நிற்கும்போது அந்த மிளகுக் காரத்துக்கு ஈடு கிடையாது.

கோயிலிலிருந்து திரும்பும் பஸ்கள் குறைவு. காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் மாலை பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.