நிறமாலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு: வேதியியல் வகுப்பில் ஸ்லைடர் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறை

அகச்சிவப்பு நிறமாலையில் 1700 செ.மீ⁻¹ பக்கத்தில் வலுவான பீக் (உச்சி) தெரிந்தால் கார்போனைல் (C=O பிணைப்பு) என்று நம் மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அந்த வரைபடத்தைக் கருவி எப்படிப் போட்டது என்று கேளுங்கள், வகுப்பு அமைதியாகிவிடும். எஃப்டிஐஆர் என்ற அகச்சிவப்புக் கருவியில் டிடெக்டர் நேரடியாக நிறமாலையை அளப்பதே இல்லை, கண்ணாடி நகர நகர ஒளியின் செறிவு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மட்டும்தான் பதிவு செய்கிறது. என்எம்ஆரிலும் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அதே கதைதான், கையில் கிடைப்பது தேய்ந்துகொண்டே போகும் ஓர் அலை. அங்கிருந்து நாம் பார்க்கும் பீக் வரைக்கும் நடப்பது ஃபூரியர் மாற்றம் என்ற கணக்கு. அந்தக் கணக்கைத் தொகையீட்டுக் குறியோடு கரும்பலகையில் ஆரம்பித்தால் பாதிப் பேர் அந்த நிமிடமே விலகிவிடுகிறார்கள், அதனால் நான் சூத்திரத்தைக் கடைசியில்தான் எழுதுவேன்.

மென்பொருளைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். நிரலும் படமும் ஒரே பக்கத்தில் ஓடும் ஜூபிட்டர் நோட்புக், பைத்தான் மொழி, எண் கணக்குக்கு நம்பை, வரைபடத்துக்கு மேட்பிளாட்லிப், ஓர் எண்ணை இழுத்து மாற்றும் ஸ்லைடருக்கு ஐபைவிட்ஜெட்ஸ், இவ்வளவு போதும். கணினியில் எதையும் நிறுவ முடியாத இடத்தில் பிரவுசரிலேயே ஓடும் கூகுள் கோலாப் இருக்கிறது. கோட் எழுதத் தெரியாத வகுப்பு என்றால் முதல் இரண்டு பாடத்தை ஜியோஜீப்ராவிலேயே முடித்துவிடலாம்.

முதல் பாடம் இப்படி. 7 ஹெர்ட்ஸ் கொசைன் அலை ஒன்றை 1 வினாடிக்கு வரையுங்கள், அதன் அதிர்வெண்ணை மாணவர்களிடம் சொல்லாதீர்கள். அதற்குக் கீழே இன்னொரு கொசைன், இதன் அதிர்வெண் ஸ்லைடரில் இருக்கட்டும், இதைச் சோதனை அலை என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதாக, இரண்டையும் பெருக்கினால் வரும் வளைவு, அதன் மேல்பகுதி ஒரு நிறத்திலும் கீழ்ப்பகுதி வேறு நிறத்திலும் நிரப்பப்பட்டு, மொத்தப் பரப்பு பக்கத்தில் எண்ணாகத் தெரிய வேண்டும். சோதனை அலை 3 ஹெர்ட்ஸில் இருந்தால் மேலும் கீழும் அடித்துக்கொண்டு பரப்பு பூஜ்யம். 7-க்கு வந்ததும் பெருக்கல் வளைவு முழுக்க மேலே ஏறிக்கொள்ளும், பரப்பு 0.5. இப்போது ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் கிடைத்த பரப்பைத் தாளில் புள்ளியாக வைக்கச் சொல்லுங்கள். புள்ளிகளை இணைத்தால் 7-இல் ஒரு பீக் நிற்கும். நீங்கள் கையால் போட்டதுதான் நிறமாலை என்று அந்த இடத்தில் சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

7-ஐச் சுற்றி நெருக்கமாகப் புள்ளி வைத்தவர்கள் கட்டாயம் ஒன்றைக் கேட்பார்கள்: 7.5-இல் பூஜ்யம், ஆனால் 7.75-இல் ஏன் பரப்பு எதிர்மறையாகப் போகிறது? அருமையான கேள்வி, உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். அலையை 2 வினாடிக்கு நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பீக் பாதி அகலத்துக்கு ஒடுங்கும், பக்கத்து மேடு பள்ளமும் நெருங்கி வரும். அளக்கும் நீளம் கூடினால் பிரிதிறன் (நெருங்கிய பீக்குகளைப் பிரித்துக் காட்டும் திறன்) கூடும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம் எஃப்டிஐஆரில் 4 செ.மீ⁻¹ பிரிதிறனுக்கு இரண்டு ஒளிக்கற்றைகளின் பாதை வேறுபாடு சுமார் கால் சென்டிமீட்டர் வரை போக வேண்டும் என்று சொன்னால், அது மனப்பாடம் செய்ய வேண்டிய எண்ணாகத் தெரியாது.

அடுத்து, மறைத்து வைத்த அலையின் கட்டத்தை, அதாவது அலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை, 90 பாகை தள்ளிவிடுங்கள். 7 ஹெர்ட்ஸில் இருந்த பீக் காணாமல் போகும், அந்த இடத்தில் பூஜ்யம், இரு பக்கமும் மேலும் கீழுமாக ஒரு வளைவு. அலை அப்படியே இருக்கிறது, பீக் எங்கே போனது? கொசைனோடு சைனையும் சோதனைக்கு வைத்து, இரண்டு பரப்பையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் திரும்பக் கிடைக்கும். சிக்கலெண் எதற்கு வருகிறது என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது: இரண்டு பரப்பையும் ஒரே எண்ணில் தூக்கிக்கொண்டு போவதற்கு அது வசதி. என்எம்ஆரில் கட்டத் திருத்தம் என்று ஒரு பட்டனை அழுத்துகிறார்களே, அதுவும் இதேதான்.

இந்த இடத்துக்குப் பிறகு சூத்திரத்தை எழுதுங்கள். பெருக்கிக் கூட்டும் அந்த ஒரு வரி நிரலை மட்டும் மாணவர்களே எழுதட்டும், மற்றதை நீங்கள் தயாராகக் கொடுத்துவிடுங்கள். நம்பையில் இருக்கும் வேக ஃபூரியர் மாற்றத்தை அதற்கப்புறம்தான் காட்ட வேண்டும். முதலிலேயே காட்டினால் அது வெறும் மந்திரப்பெட்டி, தங்கள் வரியின் விடையோடு ஒத்துப்போவதைப் பார்த்தபின் காட்டினால் அது ஒரு வேகமான கருவி.

ஸ்லைடர் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒரு படத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். நகர்த்துவதற்கு முன்னால் என்ன நடக்கும் என்று தாளில் ஒரு கோட்டுப்படம் வரைந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் ஆசையாக இழுத்துப் பார்த்துவிட்டு எதுவும் மனதில் தங்காமல் எழுந்து போவார்கள். அச்சுகளின் அளவை நிலையாகப் பூட்டிவிடுங்கள். ஒருமுறை இதைச் செய்யாமல் வகுப்புக்குப் போய்விட்டேன், வீச்சைப் பத்து மடங்காக்கியும் படம் அசையவே இல்லை, அச்சுதான் தானாக மாறிக்கொண்டிருந்தது, மாணவர்கள் வீச்சுக்கும் பீக்குக்கும் தொடர்பே இல்லை என்று குறிப்பெழுதிவிட்டார்கள். கணினி மெதுவாக இருந்தால், ஸ்லைடரை விட்ட பிறகு மட்டும் படம் மாறும்படி வையுங்கள். நோட்புக்கின் செல்களை (நிரல் பெட்டிகளை) முன்னும் பின்னுமாக ஓட்டிவிட்டு விடை தப்பாக வருகிறது என்பார்கள், கெர்னலை (பின்னால் நிரலை ஓட்டும் பகுதியை) மறுபடி தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

என்எம்ஆரின் தேயும் அலைக்கு ஒரு ஸ்லைடர் போதும். அலை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைக் குறிக்கும் டி2 நேரத்தை 0.5 வினாடியில் வைத்தால் பீக்கின் பாதி உயர அகலம் சுமார் 0.64 ஹெர்ட்ஸ், 0.05 வினாடிக்குக் குறைத்தால் 6.4. ஒன்றைப் பை (π) மடங்கு டி2-ஆல் வகுத்தால் வரும் எண் அது, அதை அட்டவணையிலிருந்து அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரைச்சல் சேர்த்து 16 முறை சராசரி எடுத்தால் சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் 4 மடங்காகும் என்பதையும் இதே நோட்புக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அளக்கும் புள்ளிகள் போதாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட, வினாடிக்கு 20 புள்ளி மட்டும் எடுத்து 13 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுங்கள். பீக் 7-இல் வரும். மென்பொருளில் தவறு என்று சத்தியம் செய்வார்கள். புள்ளிகளைப் பெரிதாக வரைந்து, அதே புள்ளிகள் வழியாக 7 ஹெர்ட்ஸ் அலையும் போவதைக் காட்டுங்கள்.

கடைசியில் உண்மையான தரவுக்கு வாருங்கள், நான் எப்போதும் எடுப்பது ஹைட்ரஜன் குளோரைடு வாயு. மூலக்கூறு அதிர்வதோடு சுழலவும் செய்வதால் அதன் அகச்சிவப்பு நிறமாலையில் வரிசையாகக் கோடுகள் இருக்கும். கோடுகளை வரைய இரண்டு ஸ்லைடர்: சுழற்சி மாறிலி (சுழற்சி ஆற்றல் நிலைகளின் இடைவெளியைத் தீர்மானிக்கும் எண்), வெப்பநிலை. மாறிலியை 10.5 செ.மீ⁻¹ பக்கம் வைத்தால் கோடுகளின் இடைவெளி சுமார் 21 செ.மீ⁻¹ என்று வரும், 298 கெல்வினில் அதிக மூலக்கூறுகள் இருக்கும் சுழற்சி நிலை ஜே = 3 (ஜே என்பது சுழற்சி நிலையின் எண்). ஏன் பூஜ்யத்தில் இல்லை என்பதற்கு ஒரே ஆற்றலில் இருக்கும் நிலைகளின் 2ஜே+1 என்ற எண்ணிக்கை ஒரு பக்கம் ஏறுவதையும், ஆற்றல் கூடக்கூடக் குறையும் போல்ட்ஸ்மன் காரணி மறுபக்கம் இறங்குவதையும் தனித்தனியே வரைந்து பெருக்கிக் காட்டினால் போதும். ஆய்வகத்தில் எடுத்த நிறமாலையை இதன் மேல் போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள். நடுவில் அழகாகப் பொருந்தும், இரண்டு ஓரத்திலும் நழுவும், ஒரு பக்கம் கோடுகள் நெருங்கும், மறுபக்கம் விலகும். எவ்வளவு இழுத்தாலும் சரிவராது என்று அவர்களுக்கே சலிப்பு வந்தபின், அதிர்வு நிலை மாறும்போது சுழற்சி மாறிலியும் சற்றுக் குறைகிறது என்று சொல்லி மூன்றாவது ஸ்லைடரைத் திறந்துவிடுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னேன், இங்கே மட்டும் விதிவிலக்கு. கோடுகள் இடத்தில் உட்கார்ந்ததும், கிடைத்த மாறிலியிலிருந்து பிணைப்பு நீளத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள், 1.28 ஆங்ஸ்ட்ராம் பக்கத்தில் வர வேண்டும்.