எல்டிமாஸ் ஆம்ப்ளிஃபையர் சூடு: கோளாறு ஃபேனில் இல்லை

அமெச்சூர் ரேடியோவில் பேச்சு அனுப்பும் எஸ்எஸ்பி முறையில் சரியாக ஓடிய என் 400 வாட் எல்டிமாஸ் (அதிக பவர் ரேடியோ டிரான்சிஸ்டர் வகை) ஆம்ப்ளிஃபையர், எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையைப் போட்டதும் சூட்டில் டிரிப் ஆனது. எஃப்டி8 ஒவ்வொரு முறையும் சுமார் 12.6 விநாடி முழு பவரில் நிற்கும். செயல்திறன் 60 சதவீதம் என்றால், 400 வாட் வெளியே போகும்போது 267 வாட் வெப்பமாகிறது.

பெரிய ஃபேன் வாங்குமுன் இரண்டு இடத்தில் வெப்பநிலை பாருங்கள். எனக்கு டிரான்சிஸ்டருக்கு அடியில் இருக்கும் செம்புத் தகடு, டிரான்சிஸ்டர் ஓரத்தில் 88 டிகிரி; தகட்டின் கீழே வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க் 49. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் காற்றைக் கூட்டிப் பயனில்லை. வெப்பம் இரண்டுக்கும் நடுவே தேங்குகிறது.

கழற்றிப் பார்த்ததில் செம்புத் தகட்டின் அடியில், நடுவில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் தடிமனாக இருந்தது, ஓரத்தில் மட்டும் உலோகம் பட்ட தடம். தகட்டின் அடியில் மார்க்கரால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, தடித்த கண்ணாடியில் ஒட்டிய 400, பிறகு 800 நம்பர் எமரித் தாளில் கோடு எல்லாம் மறையும்வரை தேய்த்தேன். மேல்பக்கத்தை டேப்பால் முழுக்க மூடிவிடுங்கள். செம்புத் தூள் போர்டில் விழுந்தால் ஷார்ட்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, உலோக நிறம் தெரியுமளவு மெல்லிசாகப் பேஸ்ட். திருகுகளை எதிரெதிராக, இரண்டு சுற்றில் முறுக்கவும்.

வித்தியாசம் 12 டிகிரிக்கு இறங்கியது. சூடு கூடினால் ஆம்ப்ளிஃபையரை நிறுத்தும் தெர்மல் சுவிட்சையும் ஹீட்சிங்க்கிலிருந்து செம்புக்கு மாற்றினேன். அங்கே இருந்தால்தான் டிரான்சிஸ்டரின் சூடு அதற்குச் சீக்கிரம் எட்டும்.