மேட்டூர் அணைக்குப் புறப்படுமுன் நீர்மட்டத்தைப் பாருங்கள்

விடுமுறைக்கு ஊர் வரும் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கத்துக் குடும்பங்கள், கோயில்களுக்கு ஒதுக்கும் நாள்களில் ஒன்றை மேட்டூருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். தாத்தாவின் வயலுக்குக் குறுவைக்கும் சம்பாவுக்கும் பாய்ந்த காவிரித் தண்ணீர் இங்கே தேங்கி நின்று வந்ததுதான் என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). பாசனத்துக்காக ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கமென்றாலும், இருப்பு போதாத ஆண்டுகளில் அது தள்ளிப்போகும்.

சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். பேருந்துகள் நிறைய உண்டு. ஆனால் பயண நாளை நீர்மட்டம் பார்த்தே முடிவு செய்யுங்கள். நாளிதழ்களில் அது தினமும் வருகிறது. குடகிலும் வயநாட்டிலும் மழை வலுத்து அணை நிரம்பினால், 16 கண் மதகு வழியாக உபரிநீர் நுரைத்துப் பாய்வதைக் காணலாம். அந்த நாள்களில் ஆற்றில் இறங்கவே கூடாது. கரையோர எச்சரிக்கையை உள்ளூர்க்காரர்கள் மதிப்பதைப் போல நீங்களும் மதியுங்கள். ஆடிப்பெருக்கன்று கூட்டம் மிக அதிகம் என்பதால், முதியோரை அழைத்து வருபவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அணையின் மேல் அனுமதியின்றி ஏற முடியாது. பூங்காவையும், அதன் அருகே சுடச்சுடப் பொரித்துத் தரும் அணை மீனையும் தவறவிடாதீர்கள்.

நீர் வற்றிய கோடையில் வருபவர்களுக்கு வேறொரு காட்சி காத்திருக்கிறது, எனக்கு அதுவே பெரிது. கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குச் சென்றால், அணைக்காக ஊரைவிட்டு எழுந்துபோன மக்கள் விட்டுச்சென்ற ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் நீருக்கு வெளியே தெரியும். நந்தியின் உடலில் நீர் ஏறி இறங்கிய கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும்; டெல்டாவில் நெல் விளைய இவர்கள் கொடுத்த விலையை அங்கே நின்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பரிசலில் ஏறுவதானால் உயிர்காப்பு உடை கேட்டு அணிந்துகொள்ளுங்கள். வெடித்துக் காய்ந்த வண்டல் மேலே கெட்டியாகத் தோன்றினாலும் அடியில் சேறு இருக்கும். பரிசல்காரர் காட்டும் தடத்தை விட்டு விலக வேண்டாம்.