எல்லையோரச் சிப்ஸ் வியாபாரம்: போட்டியாளரின் கணக்கைப் படிப்பது எப்படி?

மார்த்தாண்டத்தில் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறவருக்குப் போட்டி பக்கத்துத் தெருவில் மட்டும் இல்லை. எல்லையான களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று அதே காய், வேறு விலை. அதைப் பார்த்ததும் நாமும் குறைத்துவிடலாம் என்று இறங்காதீர்கள். அந்த விலை அவருக்கு எப்படிக் கட்டுபடியாகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

யார் போட்டி என்பதைக் கடைக்காரர்களிடம் கேளுங்கள்: "நம்ம பாக்கெட் தீர்ந்தா எதைக் கொடுக்கிறீங்க?" அடிக்கடி வரும் நான்கைந்து பெயர் போதும். பதிலில் மிக்சர் வந்தால் அதையும் எழுதுங்கள். காசு அங்கேதான் போகிறது.

ஒவ்வொருவரிடமும் ஒரே அளவுப் பாக்கெட்டை இரண்டு வெவ்வேறு வாரங்களில் காசு கொடுத்து வாங்கி, டிஜிட்டல் தராசில் போடுங்கள். கவரில் 200 கிராம் என்றிருந்து உள்ளே 180 இருந்தால் மலிவின் ரகசியம் அங்கேயே தெரிந்துவிடும். சேர்மானப் பட்டியலில் தேங்காய் எண்ணெயா பாமாயிலா என்று பாருங்கள். ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் காலாவதித் தேதி வரை வைத்து, காறல் வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து போட்டியாளரின் பில். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவு செய்த தேதியும், ரெகுலரா (வழக்கமான வரிமுறை) காம்போசிஷனா (சிறு வியாபாரிகள் விற்பனைத் தொகையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் திட்டம்) என்பதும் தெரியும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. எல்லையில் தொழில் செய்கிறவருக்கு இதைவிட முக்கியமான தகவல் கிடையாது. காம்போசிஷனில் இருப்பவர் அடுத்த மாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. பாறசாலைக்காரர் காம்போசிஷன் என்றால் அவர் சரக்கு உங்கள் மார்த்தாண்டம் கடைகளுக்குச் சப்ளையாக வராது. அவர் விலைக்குப் பயந்து நீங்கள் குறைக்க வேண்டியதில்லை. நீங்கள் காம்போசிஷன் என்றால் உங்களுக்கும் அதே கதவு மூடியிருக்கிறது.

இனி அடக்க விலை. ஒரு கிலோ சிப்ஸுக்குத் தோலோடு எத்தனை கிலோ காய் போகிறது, எவ்வளவு எண்ணெய் இழுக்கிறது என்று உங்கள் அடுப்பில் மூன்று ஈடு அளந்து சராசரி எடுங்கள். அதே அளவைப் போட்டியாளருக்கும் வைத்து, அன்றைய சந்தை விலையில் பெருக்கி, கேஸ், கூலி, கவர், கடைக்காரர் லாபம் எல்லாவற்றையும் சேருங்கள். அவர் விற்கும் விலை இதற்கும் கீழே இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். பாமாயில் என்றால் விலையில் மோத வேண்டாம். உங்கள் கவரின் முன்பக்கத்தில் தேங்காய் எண்ணெய் என்று பெரிதாகப் போடுங்கள். தோட்டத்திலேயே பேசிக் குலை எடுக்கிறார் என்றால், நீங்கள் காய் வாங்கும் வழியை மாற்றாமல் விலையை மட்டும் குறைப்பது கையைக் கடிக்கும்.

போட்டியாளர் கொடுக்கும் கடன் நாள், தேதி முடிந்த பாக்கெட்டைத் திரும்ப எடுப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வண்டி வருகிறது: இந்த மூன்றையும் கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். பாக்கெட் முன்வரிசையில் தொங்குவதற்குப் பல இடங்களில் ருசியைவிட இவைதான் காரணம்.

இப்படிக் கிடைத்த தகவலை வைத்து உங்கள் பக்கத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பத்துக் கடைகளில் ஒரு மாதம் ஓட்டி, மற்றக் கடைகளின் விற்பனையோடு ஒப்பிடுங்கள். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் இதைச் செய்யாதீர்கள். அப்போது காய் விலையும் ஏறியிருக்கும், யார் பாக்கெட்டும் விற்கும். அந்தக் கணக்கு மற்ற மாதங்களுக்கு உதவாது.