காசநோய்க் கிருமியின் 43 கட்டங்களைப் படிப்பது எப்படி?

சென்னை வியாசர்பாடியில் ஒரே தெருவில் இருவருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியதா, இருவருக்கும் வெவ்வேறு இடத்தில் தொற்றியதா? கிருமியின் மரபணுவை வகைப்படுத்திப் பார்த்தால் இதற்கு விடை தேடலாம். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்காக, ஸ்பொலிகோடைப்பிங் என்ற எளிய முறையை இங்கே விளக்குகிறேன்.

முதல் படி, கிருமியை வளர்ப்பது. சளி மாதிரியிலிருந்து எல்.ஜே. ஊடகத்தில் (காசநோய்க் கிருமி வளர்வதற்கான ஊட்டப்பொருள்) கிருமி வளரச் சில வாரங்கள் ஆகும். உயிருள்ள கிருமியைக் கையாள்வது உயர் பாதுகாப்பு ஆய்வகத்தின் வேலை. பயிற்சி இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது. கிருமியைக் கொன்று டி.என்.ஏ.வைப் பிரித்துத் தந்த பிறகே உங்கள் பங்கு தொடங்குகிறது.

இரண்டாவது படி, சவ்வு எனப்படும் மெல்லிய சோதனைத் தாள். கிருமியின் மரபணுத் தொகுதியில் ஓரிடத்தில் 36 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அலகுகள்) கொண்ட ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தொடர்களுக்கு நடுவே உள்ள இடைத்துண்டுகளோ ஒவ்வொன்றும் வேறு. அவற்றில் 43 துண்டுகளைச் சவ்வில் வரிசையாகப் பதித்திருப்பார்கள். பி.சி.ஆர். முறையில் பெருக்கிய டி.என்.ஏ.வை அதன்மேல் செலுத்தினால், கிருமியிடம் உள்ள துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். அதைப் பதிவு செய்யும் படச்சுருளில் அவை கறுப்புக் கட்டங்களாகத் தெரியும், இல்லாதவை வெற்றிடம்.

மூன்றாவது படிக்குப் பென்சிலும் தாளும் போதும். கறுப்புக்கு 1, வெற்றிடத்துக்கு 0 எழுதுங்கள். மும்மூன்றாகப் பிரித்தால் 14 கூட்டங்கள் வரும், கடைசிக் கட்டம் தனியே மிஞ்சும். கூட்டத்தில் முதல் இடத்தின் மதிப்பு 4, அடுத்தது 2, அதற்கடுத்தது 1. ஆகவே 111 என்றால் 7, 100 என்றால் 4, 011 என்றால் 3. மிஞ்சிய கட்டத்தை அப்படியே சேர்த்தால் 15 இலக்க எண் கிடைக்கும். 2, 3, 29 முதல் 32 வரை, 34, 37 முதல் 39 வரை உள்ள கட்டங்கள் வெற்றிடம் என்றால் எண் 477777777413071. கணினி இதை நொடியில் செய்துவிடும். ஆனாலும் சில மாதிரிகளையாவது கையால் போடுங்கள். மங்கலான கட்டத்தைக் கண்டு நின்று யோசிக்கும் பழக்கம் அப்படித்தான் வரும்.

நான்காவது படி, இத்தகைய எண்கள் பதிவாகியுள்ள தரவுத்தளத்தில் நம் எண்ணைத் தேடுவது. மேலே உள்ள எண் காசநோய்க் கிருமிக் குடும்பத்தின் 'கிழக்கு ஆப்பிரிக்க-இந்திய' கிளையைச் சேர்ந்தது. 29 முதல் 32 வரையும் 34-உம் இல்லாமல் அவற்றின் நடுவே 33 மட்டும் இருப்பது அந்தக் கிளையின் அடையாளம்.

இங்கேதான் சென்னையில் வேலை செய்பவர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தென்னிந்தியாவில் பரவலாக இருப்பதே இந்தக் கிளைதான். நம் வியாசர்பாடி நோயாளிகள் இருவருக்கும் ஒரே எண் வந்தாலும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது என்று சொல்லிவிட முடியாது. எண்கள் தெளிவாக வேறுபட்டால், நேரடித் தொற்று இல்லை என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். 1990-களில் உலகத் தர முறையாக இருந்த ஐ.எஸ்.6110 சோதனையும் இங்கே தடுமாறியது. அது தேடும் டி.என்.ஏ. துண்டு தென்னிந்தியக் கிருமிகள் பலவற்றில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. வெளிநாட்டில் சரியாக வந்த முறை என்பதற்காக இங்கேயும் வரும் என்று நம்பிவிடாதீர்கள்.

எனவே ஒரே எண் வந்தால் அடுத்த சோதனைக்குப் போங்கள். மிரு-வி.என்.டி.ஆர். முறை 24 இடங்களில் தொடர்கள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணும். முழு மரபணு வரிசையாக்கம் சுமார் 44 லட்சம் எழுத்துகளில் பெரும்பாலானவற்றை ஒப்பிடும். வேறுபாடு 5 எழுத்துக்குள் இருந்தால் அண்மைத் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். 12-ஐத் தாண்டினால் குறைவு என்பது பலரும் கைக்கொள்ளும் அளவுகோல். அப்போதும் யாரிடமிருந்து யாருக்கு என்பதைக் கிருமி மட்டும் சொல்லாது. நோய் தொடங்கிய நாள், வீடு, வேலையிடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த நோயாளியிடமும் 'உங்களால்தான் பரவியது' என்று சொல்லாதீர்கள். இந்த முடிவுகளுக்காகச் சிகிச்சையையோ வீட்டாரின் பரிசோதனையையோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

பயிற்சிக்கு ஒன்று: முதல் 34 கட்டங்கள் வெற்றிடம், மீதி 9 கறுப்பு. விடை 000000000003771 என்று வந்தால் சரி. அது பீஜிங் வகை.