செல்லப்பிராணி விழிப்புணர்வுக்குப் பொது நிதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் ஓர் இளைஞர் குழு தங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துத் தரச் சொன்னது. நாய், பூனைகளைப் பொறுப்போடு வளர்ப்பது பற்றி அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லித்தர அரசு நிதி கேட்கும் விண்ணப்பம். படிக்கப் படிக்க, பல வருடங்களுக்கு முன் நான் எழுதியதையே மறுபடி படிப்பது போல இருந்தது. ரசீதுகளைப் பத்திரப்படுத்து, கடைசித் தேதிக்குள் அனுப்பு என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தொடங்கும் முன் எண்ணாதது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். எங்கள் முதல் திட்டம் நன்றாகவே நடந்தது. பள்ளிகளில் பேசினோம், முகாம் போட்டோம், கூட்டமும் வந்தது. வருட முடிவில் தடிமனான அறிக்கையோடு போய் உட்கார்ந்தோம். அதிகாரி நிதானமாகப் புரட்டினார், படங்களைப் பார்த்தார், மூடி வைத்தார். "நீங்கள் போவதற்கு முன்னால் அங்கே எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது? இப்போது எத்தனை?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அடுத்த வருடம் நிதி வரவில்லை. கருத்தடைக்குப் பெயர் கொடுத்துக் காத்திருந்த வீடுகளுக்குப் போய் "இப்போதைக்கு இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டால் ரேபிஸ் பரவுவதைத் தடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, 20ல் தொடங்கி 70ஐத் தொடுவதும் 65ல் தொடங்கித் தொடுவதும் ஒன்றா?

இதற்குப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். சில தெருக்களைத் தேர்ந்தெடுத்து வீடு வீடாகப் போங்கள். தடுப்பூசி, கருத்தடை, வெளியே விடும்போது கயிறு: இந்த மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வீடுகளில் அதே கேள்விகள். இந்த வேலைக்கான செலவையும் விண்ணப்பத்திலேயே தனி வரியாகக் காட்டிவிடுங்கள்.

வாய்ச்சொல்லை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். "ஊசியெல்லாம் போட்டாச்சு" என்று ஒரு அம்மா உறுதியாகச் சொன்னார். உள்ளே போய், மடிப்பில் கிழிந்த அட்டையைத் தேடி எடுத்து வந்தார். நாய்க்கு ஆறு வயது. அட்டையில் இருந்ததோ குட்டியாக இருந்தபோது போட்ட ஒரே ஊசி. அவர் பொய் சொல்லவில்லை. ஒருமுறை போட்டால் போதும் என்றே நம்பியிருந்தார். அப்புறம் பார்த்தால் அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதை. எங்கள் பேச்சில் முதலில் வர வேண்டியது 'ஊசி போடுங்கள்' அல்ல, 'மறு ஊசி எப்போது என்று பாருங்கள்' என்பது அன்றுதான் புரிந்தது. முதல் வருடமே எண்ணியிருந்தால் அப்போதே புரிந்திருக்கும்.

வந்த தலைகளை எண்ணுவது

கையெழுத்துத் தாளில் நிறைய பெயர் இருந்தால் நிறைய பேர் வந்தார்கள், அவ்வளவுதான்.

அறிவுரையோடு நிறுத்திவிடுவது

கருத்தடை செய்யுங்கள் என்று சொன்னால், எங்கே, எப்போது, எவ்வளவு என்ற கேள்வி உடனே வரும். விழிப்புணர்வுக்கென்று வரும் பணத்தில் அறுவைச் சிகிச்சைக்குச் செலவழிக்க விதி இடம் தராமல் போகலாம். முதலிலேயே கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் ஒரு கால்நடை மருத்துவரை இணைத்துக்கொள்ளுங்கள். பூனை நான்கு மாத வயதிலேயே சினையாகிவிடலாம். ஆறு மாதம் கழித்துத் தேதி கொடுத்தால் அதற்குள் குட்டிகள் வந்துவிடும்.

பிள்ளைகளைப் பயமுறுத்துவது

கோரமான படங்களைக் காட்டாதீர்கள். பயந்த பிள்ளை கடிபட்டதை வீட்டில் மறைக்கும், ரேபிஸில் அதைவிட ஆபத்தானது இல்லை. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த மூன்றையும் பிள்ளைகளையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பணம் முழுவதையும் நோட்டீஸில் போடுவது

வேண்டாம்.