ஆங்கிலத் தேர்வில் ஒப்பீட்டுக் கட்டுரை எழுதும் முறை

இரு பொருள்களை ஒப்பிட்டும் வேறுபடுத்தியும் எழுதச் சொல்லும் வினாவுக்கு, மாணவர் பலர் முதற்பொருளைப் பற்றி ஒரு கட்டுரையும் அடுத்ததைப் பற்றி மற்றொரு கட்டுரையும் எழுதி, இடையில் ஒரு 'பட்' போட்டு ஒட்டிவிடுகிறார்கள். வினா கேட்பதோ இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்து காட்டுவதை. ஆகவே, எழுதத் தொடங்குமுன் அந்த அளவுகோலைத் தேட வேண்டும்.

தேர்வுக்கு 40 நிமிடங்கள் இருந்தால், முதல் 5 நிமிடங்களை ஒரு சிறு அட்டவணைக்கு ஒதுக்குங்கள். அச்சு நாளிதழையும் தொலைக்காட்சிச் செய்தியையும் ஒப்பிடுவதாகக் கொண்டால், இடப்பக்கம் வேகம், ஆழம், செலவு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டின் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் நிரம்பி மற்றது வெறுமையாக நின்றால், அந்த வரி எவ்வளவு சுவையானதாயினும் அதை அடித்துவிடுங்கள். வேகத்துக்காகத் தொலைக்காட்சி ஆழத்தை விட்டுக்கொடுக்கிறது என்பது அட்டவணையிலிருந்து புலப்பட்டால், அதையே முன்னுரையின் கடைசி வாக்கியமாக, கட்டுரையின் மையக் கருத்தாக வைக்கலாம். 'இரண்டிலும் நன்மை தீமைகள் உண்டு' என்னும் வாக்கியம் எல்லாத் தலைப்புக்கும் பொருந்தும். அதனாலேயே எதற்கும் உதவாது.

ஒரு பொருளை முழுவதும் சொல்லி முடித்து மற்றதற்குச் செல்லும் அமைப்பு சிறு விடைக்குப் போதும். நீண்ட கட்டுரையில் அளவுகோலுக்கு ஒரு பத்தி என்று பிரித்து, ஒவ்வொரு பத்தியிலும் இரு பொருள்களையும் ஒரே வரிசையில் பேசுவதே நல்லது என்பேன்; முதற்பொருளைப் பற்றிச் சொன்னதை நினைவில் சுமந்தபடி படிக்கும் வேலை திருத்துபவருக்கு இராது.

மொழியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. 'வேர்ஆஸ்' (whereas) ஒரே வாக்கியத்துக்குள் இரு கூற்றுகளை எதிரெதிரே நிறுத்தும்; 'இன் கான்ட்ராஸ்ட்' புதிய வாக்கியத்தைத் தொடங்கும். 'மோர் ஃபாஸ்டர்' பிழை என்பது பலருக்குத் தெரியும். கண்ணில் படாமல் நழுவும் பிழை வேறு: 'நாளிதழின் விவரிப்பு தொலைக்காட்சியைவிட ஆழமானது' என்று தமிழில் இயல்பாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் விவரிப்பைத் தொலைக்காட்சியோடே ஒப்பிட்டதாகிவிடும் என்பதால், 'தேன் டெலிவிஷன்' (than television) என்பதை 'தேன் தட் ஆஃப் டெலிவிஷன்' என்று திருத்த வேண்டும்; பன்மையாயின் 'தோஸ் ஆஃப்' வரும்.

முடிவுரையில் புதிய அளவுகோல் எதையும் நுழைக்காதீர்கள். கடைசி 2 நிமிடங்களில், 'தேன்' வரும் இடங்களை மட்டும் தேடிப் பார்த்து, அதன் இருபுறமும் ஒரே வகைப் பொருள் நிற்கிறதா என்று சரிபாருங்கள்.